ஐந்து வீட்டு வளவில் ஒரு குழாய்: குடிநீர், பாதாள சாக்கடை நிலுவை தீர்ந்த விதம்

கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறேன். தெருக்காரர்கள் வரி, கட்டணம், மனு என்று தாள்களோடு வந்தால் பார்த்துக் கொடுப்பது வழக்கம். அப்படி என்னிடம் வந்த ஒரு வளவின் விவகாரம் இது. சம்பந்தப்பட்டவர்களின் ஒப்புதலோடு எழுதுகிறேன். பெயர், தெரு, அலுவலகம் எதையும் குறிப்பிடவில்லை. ரூபாய்த் தொகைகளையும் விட்டிருக்கிறேன். குடிநீர்க் கட்டணமும் பாதாள சாக்கடைக் கட்டணமும் ஊருக்கு ஊர் வேறு. கட்டடத்தின் பரப்பையும் பயன்பாட்டையும் பொறுத்தும் மாறும். இந்த வீட்டின் தொகை அடுத்த வீட்டுக்கு உதவாது. கணக்கு எங்கே சிக்கியது, எப்படி அவிழ்ந்தது என்பது உதவும்.

பின்னணி

திருநெல்வேலிப் பக்கத்துப் பழைய தெருக்களில் வளவுகள் இன்னும் மிஞ்சியிருக்கின்றன. தெருவில் ஒரு வாசல், உள்ளே முடுக்கு என்கிற நீளமான சந்து, முடுக்கை ஒட்டி வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள், கடைசியில் கிணறு. இந்த வளவும் அப்படித்தான். தெருப் பக்கத்து வீட்டில் உரிமையாளரான ஆச்சி தனியாக இருக்கிறார். எழுபது வயதைத் தாண்டியவர். உள்ளே நான்கு வீடுகளில் வாடகைக்காரர்கள்: நான்கு பேர், மூன்று பேர், ஆறு பேர், இரண்டு பேர். ஆச்சியையும் சேர்த்து மொத்தம் பதினாறு பேர். ஆச்சி வீட்டை ஒட்டித் தெருவைப் பார்த்த ஓர் அறையில் பல வருடங்களாகத் தையல் கடை இருந்தது. 2020 ஊரடங்கில் மூடிய கடை அதற்குப் பிறகு திறக்கவே இல்லை. அந்த அறை இப்போது ஆச்சியின் சாமான் அறை.

வளவுக்கு ஒரே குடிநீர் இணைப்பு. ஆற்றுத் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும், நிலத்தடித் தொட்டியில் விழும். அதிலிருந்து மோட்டார் போட்டு மேல் தொட்டிக்கு ஏற்றுவார்கள். போதாததற்குக் கிணறு. கழிவுநீர் முடுக்கில் உள்ள தொட்டி வழியாகத் தெருவின் பாதாள சாக்கடைக்குப் போகிறது. சொத்து வரி, குடிநீர், சாக்கடை மூன்றும் ஆச்சியின் கணவர் பெயரில். அவர் 2016-இல் காலமாகிவிட்டார்.

அவர் இருந்தவரை எல்லாவற்றையும் அவரே அலுவலகத்துக்குப் போய்க் கட்டினார். அதன்பின் வேலை மூன்றாகப் பிரிந்தது. சொத்து வரியைச் சென்னையில் இருக்கும் மகன் இணையத்தில் கட்டினார். குடிநீர்க் கட்டணத்தை முதல் உள்வீட்டில் குடியிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் எல்லோரிடமும் வசூலித்துக் கட்டினார். அவர் 2021-இல் காலி செய்துகொண்டு மகளோடு போய்விட்டார். சாக்கடைக் கட்டணத்தை யார் கட்டினார்கள் என்று கேட்டபோது வளவில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

விஷயம் வெளியே வந்தது

2024 நடுவில் ஓர் அறிவிப்பு வந்தது. குடிநீருக்கும் சாக்கடைக்கும் பல ஆண்டு நிலுவை இருப்பதாகவும், குறித்த நாளுக்குள் கட்டாவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படும் என்றும் அதில் இருந்தது. ஆச்சி தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“வருஷத்துக்கு ரெண்டு தடவ மகன் தீர்வை கட்டுதான். ரசீதும் போன்ல இருக்குன்னு சொல்லுதான். பெறகு இது என்ன புதுசா?” என்றார்.

நியாயமான கேள்வி. மகனிடம் பேசியபோது அவரும் அதையே கேட்டார். அவர் வீடு வாங்கியிருப்பது சென்னையில். அங்கே 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தனி வாரியம் குடிநீரையும் கழிவுநீரையும் பார்க்கிறது. சொத்தின் ஆண்டு மதிப்பில் 7 விழுக்காடு வரியாகவும், அதற்கு மேல் கட்டணமாகவும் தனியே வசூலிக்கிறது. அவர் அந்தப் பழக்கத்தில், ஊர் வீட்டுக்கு வாரியத்திலிருந்து எந்தத் தாளும் வராததால் தனியாகக் கட்ட ஒன்றும் இல்லை என்று இருந்துவிட்டார். சென்னைக்கு வெளியே நடைமுறை வேறு. பெரிய குடிநீர், பாதாள சாக்கடைத் திட்டங்களைப் பெரும்பாலும் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் கட்டித்தரும். இணைப்புக் கொடுப்பதும் கட்டணம் வசூலிப்பதும் அந்தந்த மாநகராட்சியோ நகராட்சியோதான். ஒரே கட்டடம், ஒரே வசூல் மையம், ஆனால் கணக்குகள் மூன்று: வரி விதிப்பு எண், குடிநீர் இணைப்பு எண், பாதாள சாக்கடை இணைப்பு எண். ஒன்றில் கட்டிய பணம் தானாக மற்றொன்றுக்குப் போகாது.

குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. பழைய சொத்து வரி ரசீதுகளில் பொது வரி, கல்வி வரி என்பவற்றோடு குடிநீர், வடிகால் வரி என்றும் ஓர் இனம் இருக்கும். அதைப் பார்த்தவர்கள் தண்ணீருக்கும் சாக்கடைக்கும் சேர்த்துத்தான் கட்டுகிறோம் என்று நம்புவது இயல்பு. அது கட்டடத்தின் மேல் போடும் வரி. இணைப்புக்கான மாதக் கட்டணம் அதில் அடங்காது. அப்புறம் சொத்து வரிக்குக் கிடைக்கும் ஐந்து விழுக்காடு சலுகை. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நகர்ப்புற உள்ளாட்சி விதிகளின்படி, அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள் சொத்து வரியைக் கட்டினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். தாமதித்தால் மாதம் 1 விழுக்காடு வட்டி. மகன் ஒவ்வொரு ஏப்ரலிலும் அக்டோபரிலும் முதல் வாரமே கட்டிச் சலுகை வாங்கியிருக்கிறார். அவ்வளவு ஒழுங்காக வரி கட்டிய வீட்டுக்குத்தான் துண்டிப்பு அறிவிப்பு வந்தது.

பார்த்தவை

முதலில் ரசீதுகளைக் கேட்டேன். ஆச்சி கணவரின் டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டினார். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரை புரண்டபோது இந்த வளவுக்குள்ளும் இடுப்பளவு தண்ணீர் வந்தது. கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டி இரண்டு நாள் தண்ணீரில் கிடந்திருக்கிறது. ரசீதுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன, மை முழுக்கக் கரைந்துபோயிருந்தது. பிரித்தெடுக்கக் கூடியவை சில மட்டும்தான். வெள்ளத்தில் போன பொருட்களைப் பற்றி அந்த வாரம் நிறையப் பேசினோம். ரசீதுகள் போனது அப்போது யாருக்கும் இழப்பாகத் தோன்றவில்லை.

அடுத்ததாக, மூன்று எண்களையும் இணையதளத்தில் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தோம். சொத்து வரியில் நிலுவை இல்லை. குடிநீரில் 2021-இலிருந்து தொடர்ச்சியான நிலுவை, அதற்கு முன்னும் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில. சாக்கடையில் ஆச்சியின் கணவர் வைப்புத்தொகையும் முதல் சில தவணைகளும் கட்டியதோடு சரி. பிறகு ஒரு வரவும் இல்லை.

ஒரு வரியில் என் கண் நின்றது. இரண்டு இணைப்புகளுமே ‘வணிகம்’ என்ற வகையில் இருந்தன. தையல் கடை இருந்த காலத்தில் அது சரி. கடை மூடியதை யாரும் எழுதிக் கொடுக்காததால் வகை அப்படியே தொடர்ந்தது. வணிக வகைக்குக் கட்டணம் குடியிருப்பை விடக் கூடுதல். ஆக நிலுவையில் ஒரு பகுதி உண்மையில் கட்ட வேண்டியது. இன்னொரு பகுதி, இல்லாத கடைக்குப் போட்ட கட்டணம். இந்த இரண்டையும் பிரிக்காமல் பேசினால் ‘எல்லாமே தப்பு’ என்று நாமும், ‘எல்லாமே பாக்கி’ என்று அவர்களும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இதே சமயத்தில் வளவுக்குள் வேறொரு சண்டை நடந்துகொண்டிருந்தது. மோட்டார் ஆறு பேர் உள்ள வீட்டின் மின் மீட்டரில் ஓடியது. தொட்டிக்குப் பக்கத்தில் அந்த வீட்டுச் சுவர் இருந்ததால் எப்போதோ அங்கிருந்து வயர் இழுத்திருக்கிறார்கள். அந்த வீட்டுக்காரம்மா சொன்னார்: “ஆச்சி, மோட்டாரு எங்க மீட்டர்லதான ஓடுது? கரண்டுக்கு நாங்க, தண்ணிக்கு எல்லாருமா? இதுல பாக்கியையும் எங்க தலையில போட்டா எப்படி?”

அவர் சொன்னதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு குதிரைசக்தி மோட்டார் என்றால் மணிக்கு ஏறத்தாழ முக்கால் யூனிட். தினம் ஒன்றரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். இரண்டு மாதத்துக்கு 67 யூனிட் அளவில் வரும். கேட்கச் சின்ன எண்தான். ஆனால் அந்த வீட்டின் சொந்தப் பயன்பாடே 440, 450 என்று இருந்தது. மோட்டாரைச் சேர்த்தால் 500-ஐத் தாண்டுகிறது. வீட்டு மின் கட்டணத்தில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கடைசி யூனிட்டுகளுக்கு மட்டுமல்ல, கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் விகிதம் கூடிவிடும். அந்த அம்மாள் கட்டிய அதிகத் தொகை 67 யூனிட்டின் விலையை விட மிகவும் கூடுதல். அவருடைய கோபத்துக்குக் கணக்கில் முழு நியாயம் இருந்தது.

தண்ணீர் அளவையும் பார்த்தேன். பாதாள சாக்கடை உள்ள ஊர்களுக்கு ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 135 லிட்டர் என்று மத்திய அரசின் குடிநீர் வழிகாட்டி வைத்திருக்கிறது. பதினாறு பேருக்கு 2,160 லிட்டர், ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் முறையில் 4,320 லிட்டர் பிடித்து வைக்க வேண்டும். இங்கே தொட்டியின் கொள்ளளவு 3,000. மீதி கிணற்றுத் தண்ணீர். வீட்டுக்கு வரும் தண்ணீரில் 80 விழுக்காடு கழிவுநீராக வெளியேறும் என்பது வடிவமைப்பாளர்கள் வைக்கும் கணக்கு. கிணற்றில் இறைத்துக் குளித்தாலும் அது சாக்கடைக்குத்தான் போகிறது. “நாங்க கெணத்துத் தண்ணிதான பொழங்குதோம், எங்களுக்கு எதுக்குச் சாக்கடைக் காசு?” என்று இரண்டு பேர் உள்ள வீட்டுக்காரர் கேட்டதற்கு இதைத்தான் பதிலாகச் சொன்னேன்.

நடுவில் வந்த அடைப்பு

தாள்களைத் திரட்டிக்கொண்டிருந்தபோதே வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது. முதல் பெரிய மழையில் முடுக்கில் இருந்த சாக்கடைத் தொட்டி பொங்கி வழிந்தது. வீடுகளின் நடையில் கால் வைக்க முடியவில்லை. யாரோ இரண்டு ஆட்களைக் கூட்டி வந்தார்கள். தெருவில் உள்ள ஆழ்குழியின் மூடியைத் திறந்து உள்ளே இறங்கிக் குத்திவிடுவதாகவும், உடனே சரியாகிவிடும் என்றும் சொன்னார்கள். கேட்ட கூலியும் குறைவு.

ஆச்சி விடவில்லை. “நாத்தத்துல ரெண்டு நாள் இருந்துக்கிடலாம். ஒருத்தன் உள்ள போயி மேல வரலன்னா நான் என்னய்யா செய்வேன்?” என்றார். இந்த விவகாரம் முழுவதிலும் எடுக்கப்பட்ட முடிவுகளில் இதுவே மிகச் சரியானது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். பாதாள சாக்கடைக்குள் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இறக்கச் சொல்கிற வீட்டுக்காரரும் தண்டனைக்கு உரியவர். சாக்கடையில் இறந்தவரின் குடும்பத்துக்குத் தர வேண்டிய இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. சட்டத்தை விடுங்கள். உள்ளே தேங்கும் வாயுவுக்கு வாசனை தெரியாத நிலையும் உண்டு, இறங்கியவருக்கு ஏறி வர நேரம் இருக்காது.

கழிவுநீர் அடைப்புக்கான 14420 எண்ணிலும் வார்டு அலுவலகத்திலும் புகார் பதிந்தோம். வண்டி வரத் தாமதமானது. அந்த நாட்களில் வளவுக்காரர்கள் பட்ட சிரமத்தைக் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. வண்டி வந்து குழாயில் தண்ணீரைப் பீய்ச்சியதும் வெளியே வந்தவை துணிக் கந்தல், தேங்காய் நார், பாத்திரம் தேய்க்கிற நார். அதைவிட முக்கியமான காரணத்தை வண்டியோடு வந்தவர்தான் காட்டினார்: மொட்டை மாடி மழைநீர்க் குழாய் நேராகச் சாக்கடைத் தொட்டிக்குள் இறங்கியிருந்தது. பாதாள சாக்கடைக் குழாய் மழைநீருக்காகப் போட்டதல்ல. இத்தனை கூரைகளின் மழையும் அதில் விழுந்தால் எந்தத் தெருவிலும் பொங்கத்தான் செய்யும். அந்தக் குழாயை மாற்றிக் கிணற்றோரம் உள்ள மழைநீர்க் குழிக்குத் திருப்பினார்கள். 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது எடுத்த குழி அது. தூர்ந்து போயிருந்தது, தோண்டிச் சரி செய்தார்கள்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

நிலுவை முழுவதையும் மறுத்து வழக்கு, மேல்முறையீடு என்று போகலாம் என்றார் மகன். இல்லையென்றால் முழுத் தொகையையும் அப்படியே கட்டித் தலை முழுகிவிடலாம் என்றார். இரண்டும் வேண்டாம் என்று நான் சொன்னேன். முதல் வழியில் இணைப்பு போய்விடும் அபாயம். பதினாறு பேர் வாழும் இடத்தில் அதை வைத்துச் சூதாட முடியாது. இரண்டாவது வழியில் வணிக வகை அப்படியே நிற்கும், அடுத்த அரையாண்டும் அதே விகிதத்தில் கேட்பு (கட்டச் சொல்லும் தொகை) வரும்.

எனவே முதல் வேலையாக, சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரு பகுதியை உடனே கட்டினோம். குடியிருப்பு விகிதத்தில் கணக்கிட்டால் எவ்வளவு வருமோ அதில் மூன்றில் ஒரு பங்கு. கட்டிய ரசீதின் நகலோடு ஒரு மனு. ‘நிலுவையை மறுக்கவில்லை, வகை மாற்றம் முடியும்வரை துண்டிப்பை நிறுத்தி வையுங்கள், மீதியைத் தவணையில் கட்டுகிறோம்’ என்பது அதன் சாரம். பணம் கட்டிவிட்டுக் கேட்கிற மனுவுக்கும் வெறும் மனுவுக்கும் அலுவலகத்தில் கிடைக்கிற மரியாதை வேறு. இது என் அனுபவம்.

கடை எப்போது மூடியது என்பதற்குச் சான்று வேண்டும். தையல்காரர் ஊரை விட்டுப் போய்விட்டார். வாடகை ஒப்பந்தமும் கிடையாது. பக்கத்து வீட்டார் எழுதிக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள், ஆனால் அது 2024-இல் எழுதும் கடிதம். அப்போதுதான் மின் இணைப்பு நினைவுக்கு வந்தது. கடை அறைக்குத் தனி மின் இணைப்பு, வணிக விகிதம். கடை மூடிய மறு வருடம் மகன் ஊருக்கு வந்தபோது அதை வீட்டு விகிதத்துக்கு மாற்றியிருக்கிறார். அந்த மாற்றத்துக்கான உத்தரவு தேதியோடு மின் வாரியக் கணக்கில் இருந்தது. ஓர் அரசு அமைப்பு நேரில் வந்து பார்த்து, இங்கே கடை இல்லை என்று ஏற்றுக்கொண்ட தாள் அது. வீட்டு வகை மாற்றம் கேட்கிறவர்கள் முதலில் தேட வேண்டிய சான்று இதுதான் என்பேன்.

2021-க்கு முந்தைய விடுபட்ட தவணைகளுக்கு ஆசிரியரைத் தேடிப் பிடித்தோம். வசூலித்த நோட்டுப் புத்தகத்தை அவர் பத்திரமாக வைத்திருந்தார். யார் எவ்வளவு கொடுத்தார்கள், என்றைக்குக் கட்டினார் என்று ஒவ்வொன்றும் கோடு போட்டு எழுதியிருந்தது. அந்தத் தேதிகளை வைத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, இரண்டு இணைப்புகளின் கேட்பு, வசூல் விவரங்களை ஆண்டுவாரியாகக் கேட்டோம். ‘ஏன் வரவு வைக்கவில்லை’ என்று கேட்கவில்லை. இன்ன தேதியில் இன்ன இணைப்பு எண்ணுக்கு வந்த வரவு விவரம் என்று மட்டும் கேட்டோம். ஏன் என்ற கேள்விக்குத் தகவல் சட்டத்தில் பதில் வராது. ஆவணத்தைக் கேட்டால் வரும். சட்டம் தருகிற 30 நாளுக்குள் பதில் வந்துவிட்டது.

பெயர் மாற்றத்தை இந்த வேலையோடு கலக்கவில்லை. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஒப்புதல் என்று அதற்குத் தனி நடை இருக்கிறது. நிலுவை நிற்கும்போது பெயர் மாற்ற மனு நகராது.

வளவுக்குள் பங்கு பிரித்தது

அலுவலகத்தில் நடந்ததை விட வளவுக்குள் பேசி முடித்ததே கடினமாக இருந்தது. கிணற்றடியில் எல்லோரும் உட்கார்ந்து பேசினோம்.

பழைய நிலுவையை வாடகைக்காரர்களிடம் பிரிக்க வேண்டும் என்று மகன் முதலில் நினைத்தார். நான் எதிர்த்தேன். இப்போது குடியிருக்கும் நான்கு வீட்டில் இரண்டு வீட்டார் 2022-க்குப் பிறகு வந்தவர்கள். மற்ற இரண்டு வீட்டாரும் ஆசிரியர் இருந்தவரை கேட்டபோதெல்லாம் கொடுத்தவர்கள், நோட்டில் இருக்கிறது. அவர் போன பிறகு அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காத பணத்தைச் சேர்த்து வைத்து ஒரே நாளில் கேட்பது நியாயம் இல்லை. ஆச்சி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: “பழசு எனக்கு. இனிமே உள்ளது எல்லாருக்கும்.”

இனிமேல் எப்படி என்பதில்தான் நேரம் போனது. ஆள் கணக்கா, வீட்டுக் கணக்கா? ஆள் கணக்கு என்றால் ஆறு பேர் உள்ள வீட்டில் இருவர் கைக்குழந்தைகள். வீட்டுக் கணக்கு என்றால் தனி ஆளான ஆச்சியும் ஆறு பேரும் ஒன்று. கடைசியில் செலவின் தன்மையை வைத்துப் பிரித்தோம். இங்கே குடிநீர்க் கட்டணம், சாக்கடைக் கட்டணம் இரண்டும் மாதத்துக்கு இவ்வளவு என்ற நிலையான தொகை, அளவு மீட்டர் இல்லை. எவ்வளவு பொழங்கினாலும் மாறாத செலவு என்பதால் அது வீட்டுக்குச் சமமாக ஐந்து பங்கு. மோட்டார் மின்சாரமும் தொட்டி கழுவும் கூலியும் பொழங்கும் அளவுக்கு ஏற்பக் கூடும். அது ஆள் கணக்கு, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை விட்டுவிட்டு. சொத்து வரி முழுவதும் ஆச்சியுடையது.

மோட்டாரை ஆச்சி வீட்டு இணைப்புக்கு மாற்றினார்கள். இது பணத்திலும் நல்ல முடிவு. ஆச்சியின் பயன்பாடு இரண்டு மாதத்துக்கு அப்போதைய இலவச அளவான 100 யூனிட்டுக்குள்ளேயே நிற்கும். மோட்டாரின் 67 சேர்ந்தாலும் அடிமட்ட விகிதத்தைத் தாண்டாது. மோட்டாருக்கு மட்டும் ஒரு சிறு துணை மீட்டர் வைத்து, அது காட்டும் யூனிட்டைச் சுவரில் மாட்டிய அட்டையில் எழுதுகிறார்கள். ஆறு பேர் வீட்டு அம்மாளின் அடுத்த மின் பில் 500-க்குக் கீழே வந்துவிட்டது.

பேச்சின் நடுவே, ஒரு வீட்டார் தண்ணீர் வரும் நேரத்தில் தெருக் குழாயில் நேரடியாகச் சின்ன மோட்டார் வைத்து உறிஞ்சுவதும் தெரியவந்தது. பிடிபட்டால் மோட்டாரும் பறிமுதல், இணைப்பும் போகும். வரிசையில் அடுத்த வீடுகளுக்கும் தண்ணீர் ஏறாது. அன்றைக்கே எடுத்துவிட்டார்கள்.

என்ன நடந்தது

வருவாய்ப் பிரிவிலிருந்து வந்து பார்த்தார்கள். அறையில் சாமான்கள் மட்டும் இருப்பதைக் குறித்துக்கொண்டு, மின் வாரியத் தாளின் நகலையும் வாங்கிப் போனார்கள். இரண்டு இணைப்புகளும் குடியிருப்பு வகைக்கு மாறின. முதலில் மனுக் கொடுத்த தேதியிலிருந்துதான் மாற்றம் என்றார்கள். மின் விகித மாற்றத் தேதியை வைத்து மறுபடி எழுதிக் கொடுத்தபின் அந்தத் தேதியிலிருந்து திருத்திக் கொடுத்தார்கள். கடை உண்மையில் மூடிய நாளுக்கும் அந்தத் தேதிக்கும் இடைப்பட்ட மாதங்களுக்கு வணிகக் கட்டணமே நின்றது. அதற்கு நம்மிடம் தாள் இல்லை.

ஆசிரியர் நோட்டில் இருந்த தவணைகளில் பாதிக்கு மேல் அலுவலக வசூல் விவரத்தோடு பொருந்தின. அவை வேறொரு காலத்துக் கணக்கில் வரவாகியிருந்தன, சரி செய்தார்கள். மீதித் தவணைகளுக்கு அலுவலகத்திலும் பதிவு இல்லை, ரசீதும் வெள்ளத்தோடு போய்விட்டது. ஆசிரியர் கட்டவில்லை என்று வளவில் ஒருவரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. இருந்தாலும் நோட்டுப் புத்தகம் ரசீதுக்கு ஈடாகாது. அந்தத் தவணைகளை ஆச்சி இரண்டாம் முறையாகக் கட்டினார்.

மீதி நிலுவையை மூன்று தவணையில் கட்டி முடித்தார்கள். துண்டிப்பு நடக்கவில்லை. பிறகு பெயர் மாற்றத்துக்கு மனுக் கொடுத்தார்கள். சொத்து வரியில் ஆச்சியின் பெயர் ஏறியது. குடிநீருக்கும் சாக்கடைக்கும் தனித்தனியே எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது அப்போது தெரிந்தது. குடிநீரில் ஏறிவிட்டது, இதை எழுதும்போது சாக்கடை இணைப்பில் இன்னும் ஏறவில்லை.

பங்குத் திட்டம் தொடர்கிறது. இரண்டு பேர் உள்ள வீட்டார் மட்டும் சமப் பங்குக்கு மனம் ஒப்பாமல் காலி செய்துவிட்டார்கள். புதிதாக வந்தவர்களிடம் வாடகை பேசும்போதே பங்கு விவரத்தை எழுதிக் கொடுத்தாயிற்று.

மாற்றிச் செய்ய வேண்டியவை

குடும்பத்தில் கட்டணம் கட்டிவந்தவர் போனதும், அந்த வருடமே மூன்று எண்களையும் ஒரே தாளில் எழுதி, எந்தக் கணக்கு யார் பொறுப்பு என்று முடிவு செய்திருக்க வேண்டும். இப்போது ஆச்சி வீட்டு நடையில் அந்தத் தாள் ஒட்டியிருக்கிறது. ஏப்ரலிலும் அக்டோபரிலும் சொத்து வரி கட்டும் அதே நாளில் மகன் மற்ற இரண்டு எண்களையும் போட்டு நிலுவை பார்த்துவிடுகிறார்.

கடை மூடினால், வாடகைக்கு விட்ட பகுதி மாறினால், மின் விகிதத்தை மாற்றும்போதே அந்த உத்தரவின் நகலை வைத்துக் குடிநீர், சாக்கடை வகை மாற்றத்துக்கும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். சொத்து வரியிலும் அந்தப் பகுதி எந்த வகையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்த வீட்டில் சொத்து வரி வகையை இன்னும் சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ரொக்கமாகக் கட்டிய ரசீதை அன்றைக்கே போனில் படம் எடுத்து, இணைப்பு எண்ணையும் காலத்தையும் குறித்து, வெளியூரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பி வைப்பது நல்லது. தாமிரபரணிக் கரையில் இருக்கிறவர்கள் தாள்களைக் கட்டிலுக்கு அடியில் வைக்க வேண்டாம். பரணில் வையுங்கள்.

சாக்கடைத் தொட்டியின் மூடியை மழைக்கு முன் புரட்டாசியிலேயே ஒரு தடவை திறந்து பார்ப்பதாக வளவில் முடிவு செய்திருக்கிறார்கள். சமையலறைக் குழாய் வாயில் சல்லடைத் தட்டு போட்டாயிற்று. 3,000 லிட்டர் தொட்டியைப் பெரிதாக்குவது பற்றிப் பேச்சு இருக்கிறது. செலவை ஆச்சி மட்டும் ஏற்பதா, வாடகையில் சிறிது கூட்டுவதா என்பதில் இன்னும் முடிவாகவில்லை.